கல்லூரி ஃபுட்பாலில் டிஃபென்ஸ் உதவிப் பயிற்சியாளர் ஆவது எப்படி?

இங்கே ஃபுட்பால் என்பது நம்மூர் கால்பந்து இல்லை. தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, இரு முனையும் கூம்பிய பந்தைக் கக்கத்தில் இடுக்கி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். பந்தை வைத்துக்கொண்டு முன்னேறுகிற பக்கம் ஆஃபென்ஸ், அதைத் தடுக்கிற பக்கம் டிஃபென்ஸ். மிச்சிகன், பென் ஸ்டேட், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகங்களின் மைதானங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். இலையுதிர் காலச் சனிக்கிழமைகளில் அந்த ஊர்கள் தேர்த்திருவிழா நடக்கும் ஊர் மாதிரி ஆகிவிடும். மேற்படிப்புக்குப் போன இடத்தில் இந்த ஆட்டத்தின்மேல் பைத்தியமாகி, "இதையே தொழிலாக வைத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்கும் பிள்ளைகள் சிலரையாவது எனக்குத் தெரியும். நானும் மாணவனாக இருந்தபோது இரண்டு சீசன் ஒரு அணியின் பயிற்சியைப் படம்பிடிக்கும் வேலை பார்த்தவன். பயிற்சியாளர் ஆகவில்லை. ஆனவர்களையும், ஆக முடியாமல் போனவர்களையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அந்த அளவுக்குத்தான் என் தகுதி.

ஏணி எப்படி இருக்கிறது

மேல்மட்டம் எஃப்.பி.எஸ். என்கிற பிரிவு. நூற்று முப்பதுக்கு மேல் அணிகள், தொலைக்காட்சிப் பணம், பெரிய மைதானங்கள் எல்லாம் அங்கேதான். அதற்கு அடுத்தது எஃப்.சி.எஸ். (இரண்டும் சேர்ந்ததுதான் முதல் டிவிஷன்), அப்புறம் இரண்டாம் டிவிஷன், மூன்றாம் டிவிஷன். என்.ஏ.ஐ.ஏ. என்ற தனி அமைப்பில் சிறு கல்லூரிகள், இரண்டாண்டுப் படிப்பு தரும் ஜூனியர் கல்லூரிகள் வேறு.

ஒரு அணிக்குள் தலைமைப் பயிற்சியாளருக்குக் கீழே டிஃபென்ஸ் முழுவதற்கும் பொறுப்பு கோஆர்டினேட்டர். அவருக்குக் கீழே முன்வரிசையான டிஃபென்ஸிவ் லைன், அதற்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர், ஓரத்தில் கார்னர்பேக், கடைசியில் ஆழத்தில் சேஃப்டி என்று இடத்துக்கு ஒரு பயிற்சியாளர். இவர்களைத்தான் உதவிப் பயிற்சியாளர் என்கிறோம். இன்னும் கீழே ஆட்டங்களை அலசித் தரும் அனலிஸ்ட், குவாலிட்டி கண்ட்ரோல், முதுகலை படித்துக்கொண்டே வேலை பார்க்கும் கிராஜுவேட் அசிஸ்டன்ட் (எல்லோரும் ஜி.ஏ. என்றுதான் சொல்வார்கள்), கடைசியில் சம்பளமில்லாத மாணவ உதவியாளர்.

எஃப்.பி.எஸ். அணிக்கு முழுநேர உதவிப் பயிற்சியாளர்கள் ஒன்பது பேர் என்றிருந்த வரம்பு 2018 ஜனவரியில் பத்து ஆனது. மைதானத்தில் இறங்கிச் சொல்லிக்கொடுக்கும் உரிமை அவர்களுக்கும் ஜி.ஏ.க்களுக்கும்தான் இருந்தது. அனலிஸ்ட் என்றால் அறைக்குள்ளேயே இருக்க வேண்டும், வீரனிடம் "காலை இப்படி வை" என்றுகூடச் சொல்லக்கூடாது. 2024-இல் அந்தத் தடை போய்விட்டது. இப்போது யார் வேண்டுமானாலும் மைதானத்தில் சொல்லிக்கொடுக்கலாம். வெளியே போய் அணிக்குப் புது வீரர்களைப் பிடிக்கும் உரிமைதான் தலைமைப் பயிற்சியாளரோடு சேர்த்துப் பதினோரு பேருக்கு மட்டும். புதிதாக வருகிறவருக்கு இது நல்ல செய்தி. அனலிஸ்ட் வேலை கிடைத்தால் "மைதான அனுபவம் இல்லையே" என்ற பயம் முன்புபோல் வேண்டாம்.

முதல் படி: ஃபிலிம் பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சிறுவயதில் ஆடியிருக்க வேண்டுமா? ஆடியிருந்தால் நல்லது. பெரும்பாலோர் ஏதாவதொரு மட்டத்தில் ஆடியவர்கள்தான், அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆடாதவர் உள்ளே நுழைய இருக்கும் கதவு ஃபிலிம் அறை.

ஃபிலிம் என்றால் நாம் டிவியில் பார்ப்பது இல்லை. டிவி கேமரா பந்தைத் துரத்தும், பின்னால் நிற்கும் சேஃப்டிகள் படத்திலேயே இருக்க மாட்டார்கள். பயிற்சியாளர்கள் பார்ப்பது இருபத்திரண்டு பேரும் தெரியும்படி மேலே பக்கவாட்டிலிருந்து ஒன்று, கோலுக்குப் பின்னாலிருந்து ஒன்று என எடுத்த இரண்டு கோணங்கள். பக்கத்தில் இருக்கும் உயர்நிலைப்பள்ளி அணியின் பயிற்சியாளரிடம் போய், "சம்பளம் வேண்டாம், உங்கள் எதிரணி ஃபிலிமைப் பிரித்துத் தருகிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். பகலில் பாடம் நடத்திவிட்டு மாலையில் மைதானத்துக்கு வருகிற அவர்களில் பலர் மறுக்க மாட்டார்கள். ஹட்ல் என்ற மென்பொருளில் உங்களுக்கு ஒரு கணக்குத் திறந்து கொடுத்துவிடுவார்கள்.

பிரிப்பது என்றால் என்ன? ஒவ்வொரு ஆட்டத்துண்டுக்கும் ஒரு வரிசை. அதில் எத்தனையாவது டவுன் (பத்து கெஜம் முன்னேற ஆஃபென்ஸுக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் எது), இன்னும் எத்தனை கெஜம், பந்து எந்த ஹாஷில் (ஆட்டத்துண்டு தொடங்கப் பந்து வைக்கும் பகுதியின் இரு எல்லைக்கோடுகளில் எது), எந்த ஆட்கள் உள்ளே, எப்படி நின்றார்கள், யாராவது நகர்ந்தார்களா, ஓட்டமா பாஸா, எத்தனை கெஜம் கிடைத்தது. ஆட்களை எண்ணால் சொல்வார்கள். "11" என்றால் பந்தோடு ஓடும் ரன்னிங் பேக் ஒருவர், லைன் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்ட் ஒருவர். "12" என்றால் ஒரு ரன்னிங் பேக், இரண்டு டைட் எண்ட். ஆஃபென்ஸை நடத்திப் பந்தை வீசும் குவார்ட்டர்பேக் போக ஓடியும் பிடித்தும் ஆடக்கூடியவர்கள் ஐந்து பேர் என்பதால், மிச்சம் எத்தனை ரிசீவர் (ஓடிப்போய் வீசிய பந்தைப் பிடிப்பவர்) என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஹாஷைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். தொழில்முறை ஆட்டத்தை மட்டும் பார்த்துப் பழகியவர்கள் சறுக்கும் இடம் இது. மைதானத்தின் அகலம் 160 அடி. கல்லூரி ஆட்டத்தில் இரண்டு ஹாஷ் கோடுகளுக்கு நடுவே 40 அடி, தொழில்முறை லீகான என்.எஃப்.எல். ஆட்டத்தில் பதினெட்டரை அடிதான். பந்து இடது ஹாஷில் இருந்தால் கல்லூரி மைதானத்தில் இடப்பக்கம் 60 அடி, வலப்பக்கம் 100 அடி. அகலமான பக்கத்தை ஃபீல்ட் என்பார்கள், குறுகியதை பவுண்டரி. கல்லூரி டிஃபென்ஸ் பாதி இந்தக் கணக்கிலேயே ஓடுகிறது. நன்றாக ஓடக்கூடியவனை ஃபீல்டில் நிறுத்துவதா, முரட்டு ஆளை பவுண்டரியில் வைப்பதா, பிளிட்ஸ் (கூடுதல் ஆட்கள் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது) எந்தப் பக்கத்திலிருந்து வரவேண்டும், எல்லாம் இதைப் பொறுத்தது. நீங்கள் பிரித்த பட்டியலில் ஹாஷ் என்ற பத்தி காலியாக இருந்தால் கோஆர்டினேட்டர் அடுத்த பத்தியைப் பார்க்கவே மாட்டார்.

நான்கு ஆட்டங்களைப் பிரித்து முடித்தபின் பட்டியலைக் கேள்வி கேளுங்கள். மூன்றாவது டவுனில் ஏழு கெஜத்துக்கு மேல் தேவைப்பட்டால் இவர்கள் என்ன செய்கிறார்கள்? ரன்னிங் பேக் குவார்ட்டர்பேக்கின் எந்தப் பக்கம் நிற்கிறானோ அதற்கு எதிர்ப்பக்கமே ஓடுகிறார்களா? பதில் ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். பத்துப் பக்க அறிக்கை எழுதிக்கொண்டு போன ஒருவனைப் பார்த்திருக்கிறேன். அது மேசைமேல் காப்பிக் கோப்பைக்கு அடியில் கிடந்தது.

ஒரு எச்சரிக்கை. என்னைப் போலப் படம்பிடிக்கும் வேலையில் தொடங்கினால், காற்று வீசும் நாளில் கேமராவோடு உயரே தூக்கும் லிஃப்ட் மேடையில் ஏற மறுக்கத் தயங்காதீர்கள். 2010 அக்டோபரில் நோட்ரே டேம் பல்கலைக்கழகத்தில் பலத்த காற்றில் லிஃப்ட் சாய்ந்து, பயிற்சியைப் படம்பிடித்துக்கொண்டிருந்த மாணவர் இறந்துபோனார்.

இரண்டாம் படி: பலகையில் வரையப் பழகுங்கள்

டிஃபென்ஸ் வேலைக்கான நேர்காணலில் உங்கள் ரெஸ்யூமேயைப் பற்றிப் பத்து நிமிடம் பேசுவார்கள். அப்புறம் கையில் மார்க்கரைக் கொடுத்து, "பலகைக்குப் போ" என்பார்கள். உங்களுக்குப் பிடித்த ஃப்ரண்டையும் (முன்வரிசை நிற்கும் அமைப்பு) கவரேஜையும் (பின்னால் பாஸைத் தடுக்கும் அமைப்பு) வரையச் சொல்வார்கள். வரைந்து முடித்ததும் ஒரு ரிசீவரை அழித்து மறுபக்கம் போட்டு, "இப்போ?" என்று கேட்பார்கள். அந்த "இப்போ?"வுக்குத் தயாராவதுதான் வேலை.

அடிப்படை மொழி அவ்வளவு பெரியதல்ல. ஆஃபென்ஸ் லைனின் நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்ட், அதற்கு வெளியே டேக்கிள். அவர்களுக்கு எதிரே டிஃபென்ஸ் லைன்காரர்கள் நிற்கும் இடத்துக்கு எண் உண்டு. சென்டருக்கு நேரெதிர் நின்றால் 0, கார்டின் வெளித்தோளுக்கு எதிரே 3, டேக்கிளின் வெளித்தோளுக்கு எதிரே 5. சென்டருக்கும் கார்டுக்கும் இடையே உள்ள சந்து ஏ, அடுத்தது பி, அதற்கடுத்தது சி. ஒவ்வொரு சந்துக்கும் ஒரு ஆள் பொறுப்பு. பின்னால் கவர் 2, கவர் 3, குவார்ட்டர்ஸ் என்று ஆழத்தை எத்தனை பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர். இவற்றில் ஒன்றை எடுத்து, பதினோரு பேரில் ஒவ்வொருவனும் எங்கே நிற்கிறான், யாரைப் பார்க்கிறான், பந்து நகர்ந்ததும் முதல் அடி எங்கே வைக்கிறான் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி ஆக்குங்கள். ஐந்து திட்டங்களை அரைகுறையாகத் தெரிந்தவரை அந்த அறையில் ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அது முடிந்தபின் மற்றவர்கள் ஏன் வேறு மாதிரி செய்கிறார்கள் என்று பாருங்கள். 2017 சீசனில் அயோவா ஸ்டேட் அணியின் கோஆர்டினேட்டர் ஜான் ஹீகாக் முன்னால் மூன்று பேரை மட்டும் நிறுத்தி, பின்னால் மூன்று சேஃப்டிகளை வைத்து ஆடத் தொடங்கினார். எதிரே இருந்த அணிகள் பந்தை வீசித் தள்ளுகிற பிக் 12 என்ற கல்லூரி அணிகளின் கூட்டமைப்பைச் சேர்ந்தவை, அவரிடம் இருந்ததோ பெரிய நட்சத்திரங்கள் இல்லாத அணி. கையில் இருக்கும் ஆளுக்குத் தகுந்த திட்டம். அதைப் பின்னர் பல அணிகள் எடுத்துக்கொண்டன. இப்படி ஒரு திட்டம் எந்தப் பிரச்சினைக்கு விடையாகப் பிறந்தது என்று சொல்லத் தெரிந்தால் நேர்காணலில் பாதித் தூரம் தாண்டியாயிற்று.

மூன்றாம் படி: ஜி.ஏ. வேலை

இதுதான் பெரும்பாலோருக்கு வாசற்படி. முதுகலைப் படிப்பில் சேர வேண்டும். கல்விக் கட்டணத்தைக் கல்லூரி பார்த்துக்கொள்ளும், கையில் ஒரு சிறிய உதவித்தொகை வரும். பொதுவாக இரண்டு ஆண்டு.

என்ன வேலை என்று கேட்டால், முதலில் சிரிப்பு வரும். டிஃபென்ஸ் ஜி.ஏ. பயிற்சியில் நடத்துவது பெரும்பாலும் ஆஃபென்ஸை. அந்த வார எதிரணி எப்படி ஆடுமோ அப்படியே ஆடிக்காட்ட ஒரு ஸ்கவுட் டீம் இருக்கும். பெரும்பாலும் முதலாண்டுப் பையன்களும், உதவித்தொகை இல்லாமல் தானாக வந்து சேர்ந்தவர்களும். ஒவ்வொரு ஆட்டத்துண்டையும் அட்டையில் வரைந்து, அவர்கள் முன் தூக்கிப்பிடித்து, "நீ இங்கே, நீ அங்கே, போ" என்று இருபது, முப்பது நொடிக்குள் ஓடவிட வேண்டும். அட்டையில் ஒரு கோடு தப்பினால் ஆட்டத்தில் இறங்கும் முதன்மை டிஃபென்ஸ் தப்பான பாடத்தைப் படிக்கும். சனிக்கிழமை அது எதிரணி கோல்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் டச்டவுனாகத் தெரியும். அட்டை வரைவதைக் குமாஸ்தா வேலை என்று நினைக்கிறவர்கள் இந்தத் தொழிலில் நிலைப்பதில்லை. எதிரணியின் மூளைக்குள் போய் உட்கார இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை.

சீசன் நடக்கும்போது வாரம் ஏறக்குறைய இப்படிப் போகும். ஞாயிறு காலை நேற்றைய ஆட்டத்தில் ஒவ்வொரு வீரனுக்கும் மதிப்பெண் போடுவது, மாலையில் அடுத்த எதிரணி. திங்கள் திட்டம். செவ்வாய் முதல், இரண்டாம் டவுன்கள். புதன் மூன்றாம் டவுன். வியாழன் கோலுக்குப் பக்கத்து இருபது கெஜம். வெள்ளி பயணம், ஹோட்டல் அறையில் கடைசிக் கூட்டம். அணிக்கு அணி கொஞ்சம் மாறும். வீரர்களுக்கு சீசனில் வாரம் 20 மணி நேரம்தான் கட்டாயப் பயிற்சி, ஒரு நாள் விடுமுறை, இது கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. பயிற்சியாளர்களுக்கு அப்படி எந்த விதியும் இல்லை. இரவு பதினொன்றுக்கு அலுவலகத்தில் விளக்கு எரியும், காலை ஆறுக்கும் எரியும்.

இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வருகிறவர்கள் இங்கே நிறுத்தி யோசிக்க வேண்டும். வகுப்புகள் நடக்கும் பருவத்தில் கல்லூரி வளாகத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க விசா அனுமதிக்காது. ஜி.ஏ.வின் உண்மையான நேரம் அதைவிடப் பல மடங்கு. "எல்லோரும் செய்கிறார்கள்" என்று யார் சொன்னாலும் கேட்காமல், கையெழுத்துப் போடும் முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். விசா போனால் ஃபுட்பாலும் போச்சு, படிப்பும் போச்சு.

நான்காம் படி: எங்கே என்பதைவிட யாருக்குக் கீழே

புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு கல்லூரியின் பெயரைப் பார்த்து மயங்குவது. பின்னால் தேசியப் பட்டம் வென்ற பயிற்சியாளர் கிர்பி ஸ்மார்ட்டின் கதையைப் பாருங்கள். 2000-இல் ஜார்ஜியாவில் வால்டோஸ்டா ஸ்டேட் என்ற இரண்டாம் டிவிஷன் அணிக்கு வந்தார். அங்கே கோஆர்டினேட்டர் வில் மஸ்சாம்ப். அடுத்த ஆண்டு மஸ்சாம்ப் எல்.எஸ்.யு.வில் (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) தலைமைப் பயிற்சியாளராக இருந்த நிக் சேபனிடம் போக, ஸ்மார்ட் கோஆர்டினேட்டர் ஆனார். ஒரு டிஃபென்ஸ் முழுவதும் கையில். ஆனால் 2002-இல் அதை விட்டுவிட்டு ஃப்ளோரிடா ஸ்டேட்டில் வெறும் ஜி.ஏ. ஆகச் சேர்ந்தார். ஊரில் உள்ளவர்கள் "இறங்கிப் போய்விட்டான்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். 2004-இல் எல்.எஸ்.யு.வில் இடம் கிடைத்தது. அங்கே டிஃபென்ஸ் மஸ்சாம்ப் கையில் இருந்தது. சில ஆண்டுகளில் சேபனோடு அலபாமா, 2016-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர், 2021, 2022 சீசன்களில் தேசியப் பட்டம். 2021-இல் அதே மஸ்சாம்ப் அனலிஸ்ட்டாக ஸ்மார்ட்டிடம் வேலைக்கு வந்தார்.

டேன் லேனிங் மிசௌரியில் உயர்நிலைப்பள்ளிப் பயிற்சியாளர். 2011-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் புதிதாக வந்த டாட் கிரஹாமிடம் வேலை கேட்க இரவெல்லாம் காரோட்டிப் போனார். ஜி.ஏ. ஆனார். பின்னால் சாம் ஹூஸ்டன் ஸ்டேட்டில் முழுநேரப் பயிற்சியாளராக இருந்தவர், 2015-இல் அலபாமாவில் மறுபடியும் ஜி.ஏ. ஆனார். ஏழு ஆண்டில் ஓரிகனின் தலைமைப் பயிற்சியாளர்.

பிராண்டன் ஸ்டேலி வேறு வழி. 2016-இல் ஜான் கேரல் என்ற மூன்றாம் டிவிஷன் கல்லூரியில் கோஆர்டினேட்டர். மூன்றாம் டிவிஷனில் வீரர்களுக்கு விளையாட்டு உதவித்தொகையே கிடையாது. 2020-இல் அவர் என்.எஃப்.எல். ராம்ஸ் அணியின் கோஆர்டினேட்டர், 2021-இல் சார்ஜர்ஸ் அணிக்குத் தலைமை.

இவர்கள் விதிவிலக்குகள், சரி. இருந்தாலும் பெயருக்காகப் பெரிய இடத்தில் கதவோரம் நிற்பதா, சிறிய இடத்தில் நாள்தோறும் மைதானத்தில் நின்று தப்புச் செய்து கற்பதா என்று வந்தால், நான் உங்களுக்கு உண்மையில் சொல்லிக்கொடுக்கிற ஆள் இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். சிறிய கல்லூரியில் நீங்கள் லைன்பேக்கர்களைப் பார்த்துக்கொள்வீர்கள், கூடவே சலவை, கூடவே வேன் ஓட்டுவது, கூடவே ஒரு உடற்கல்வி வகுப்பு. கற்றுக்கொள்ள அதைவிட நல்ல இடம் அமைவது கடினம்.

ஐந்தாம் படி: வேலை தேடுவது

விளம்பரம் வருவதற்கு முன்பே பாதி இடங்கள் நிரம்பிவிடும். இருந்தாலும் ஃபுட்பால்ஸ்கூப் தளத்தையும், என்.சி.ஏ.ஏ.வின் வேலைப் பக்கத்தையும் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நாள்தோறும் பாருங்கள். ஒவ்வொரு ஜனவரியிலும் அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர் சங்கத்தின் மாநாடு நடக்கும். 1920-களின் தொடக்கத்திலிருந்து இருக்கும் சங்கம். உள்ளே உரைகள் நடக்கும், ஆனால் வேலை பேசுவதெல்லாம் ஹோட்டல் முகப்பில். வசந்தகாலப் பயிற்சி பதினைந்து நாள், பல கல்லூரிகள் வெளிப் பயிற்சியாளர்களைப் பார்க்க அனுமதிக்கும். கடிதம் எழுதி அனுமதி வாங்கி, ஓரத்தில் நின்று பாருங்கள். போய்வந்த மறுநாள் நன்றி சொல்லி எழுதும்போது, பார்த்ததில் குறிப்பாக ஒன்றைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "வேலை இருக்கிறதா" என்று கேட்கும் நூறு மின்னஞ்சல்களுக்கு நடுவே அதுதான் நினைவில் நிற்கும்.

ஆறாம் படி: ஆட்ட நாளும் ஆள் சேர்ப்பும்

ஆட்டத்தின்போது நீங்கள் மேலே கண்ணாடி அறையில் இருப்பீர்கள், அல்லது கீழே கோட்டோரம். மேலே என்றால் எதிரணியில் யார் உள்ளே வருகிறார்கள் என்பதை முதலில் கத்த வேண்டியவர் பெரும்பாலும் நீங்கள்தான். "11", "12" என்று ஒரே ஒரு எண். தாமதமாகச் சொன்ன சரியான தகவலும் தப்பான தகவல்தான். 2024 முதல் எஃப்.பி.எஸ். ஆட்டங்களில் டிஃபென்ஸில் ஒரு வீரனின் தலைக்கவசத்துக்குள் பேசலாம். ஒவ்வொரு ஆட்டத்துண்டையும் தொடங்கக் கெடு வைக்கும் பிளே கடிகாரத்தில் 15 நொடி இருக்கும்போது, அல்லது அதற்கு முன் பந்து நகர்ந்தால் அப்போதே, இணைப்பு துண்டிக்கப்படும். ஆகவே சுருக்கமாகப் பேசுவது இப்போது தனித் திறமை. அந்த சீசனில் இனி மோதப்போகும் எதிரணியின் ஆட்டங்களை நேரில் போய் உளவு பார்ப்பது மட்டும் விதிப்படி கூடாது. 2023-இல் மிச்சிகன் அணி அந்தக் குற்றச்சாட்டில் மாட்டி, தலைமைப் பயிற்சியாளர் மூன்று ஆட்டம் வெளியே உட்கார்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

ஆள் சேர்ப்பு பற்றிச் சுருக்கமாக: முதல் டிவிஷனில் வெளியே போய் மாணவர்களைச் சந்திக்க வேண்டுமென்றால் விதிகள் பற்றிய தேர்வு ஒன்றில் ஆண்டுதோறும் தேற வேண்டும். எப்போது சந்திக்கலாம், எப்போது பார்க்க மட்டும் செய்யலாம், எப்போது எதுவுமே கூடாது என்று நாள்காட்டி உண்டு. 2018-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்களின் பதிவுப் பட்டியல்) வந்தபிறகு சொந்த அணி வீரனையும் ஆண்டுதோறும் மறுபடி சேர்க்கவேண்டிய நிலை. 2025 ஜூலையிலிருந்து முதல் டிவிஷன் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகவே பணம் தரலாம். பையனின் அம்மாவிடம் நேர்மையாகப் பேசத் தெரிந்த பயிற்சியாளருக்கு இன்னும் மதிப்பு இருக்கிறது என்று நம்புகிறேன், ஆனால் பேச்சில் இப்போது காசோலையும் சேர்ந்துவிட்டது.

வேலை போகும் நாளுக்கான ஏற்பாடு

உச்சியில் பணம் கொட்டுகிறது. 2025 தொடக்கத்தில் ஒஹாயோ ஸ்டேட்டிலிருந்து பென் ஸ்டேட்டுக்குப் போன கோஆர்டினேட்டர் ஜிம் நோல்ஸுக்கு ஆண்டுக்கு 30 லட்சம் டாலருக்கு மேல் என்று செய்தி வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அவரை அழைத்துவந்த தலைமைப் பயிற்சியாளர் ஜேம்ஸ் ஃபிராங்க்ளினைக் கல்லூரி நீக்கியது. தலை போனால் கீழே உள்ளவர்களின் இடமும் ஆட்டம் காணும். பெரிய ஒப்பந்தம் உள்ளவருக்கு நஷ்டஈடு வரும். ஓராண்டு ஒப்பந்தத்தில் இருக்கும் உங்களுக்கு வருவது பெட்டி கட்டும் வேலைதான்.

அதனால் சீசன் நன்றாகப் போகும்போதே சில காரியங்கள். உங்களோடு வேலை பார்த்தவர்களின் கைபேசி எண்களைச் சொந்தமாகக் குறித்து வையுங்கள், அலுவலகக் கணக்கு ஒரே மாலையில் மூடப்படலாம். வேறு இடத்திலிருந்து அழைப்பு வந்தால் செய்தி கசிவதற்கு முன் உங்கள் கோஆர்டினேட்டரிடம் நீங்களே சொல்லுங்கள். திருமணமானவர் என்றால் ஐந்து ஆண்டில் மூன்று ஊர் மாறலாம் என்பதைத் துணையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வீடு வாங்க அவசரப்படாதீர்கள், வாடகை ஒப்பந்தத்தையும் ஓராண்டுக்கு மேல் போட வேண்டாம்.